நோயாளி போகுமிடமெல்லாம் விவரமும் போகட்டும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு நோயாளியின் வழி பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: முதலில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு போளூர், செங்கம், செய்யாறு போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனை, அங்கிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் சுமார் 85 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி., 105 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர், 190 கிலோமீட்டரில் சென்னை. இவற்றில் சில மாநில அரசுடையவை, ஜிப்மர் மத்திய அரசுடையது, சி.எம்.சி. தனியார் தொண்டு நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் தனி நோயாளி எண், தனி கம்ப்யூட்டர், தனிச் சீட்டு. ஓரிடத்தில் பதிந்தது இன்னோரிடத்துத் திரையில் தானாக வந்து நிற்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். கொண்டு சேர்க்கும் வேலை இன்றைக்கும் வீட்டார் கையில்தான் இருக்கிறது.

சேராவிட்டால் என்ன ஆகும்? மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் அம்லோடிபின் மாத்திரையை அம்மா தினமும் காலையில் போடுகிறார். வெளியூர் மருத்துவமனையில் ரத்த அழுத்தத்துக்கு வேறொரு மாத்திரை எழுதித் தருகிறார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் டெல்மிசார்டன், அம்லோடிபின் என்று இரண்டு மருந்து. இரண்டு அட்டையையும் சேர்த்து விழுங்குகிறவருக்கு அம்லோடிபின் இரட்டிப்பாகப் போகிறது. கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டு மருத்துவர்களும் சரியாகத்தான் எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயத்தில் சொல்வதைச் செய்து முடித்தால் உங்களிடம் நான்கு இருக்கும்: எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதப்படும் பெயர், ஒரு பக்கச் சுருக்கம், வரிசையாக அடுக்கிய கோப்பு, ஆபா எண் (விளக்கம் படி 4இல்).

படி 1: பெயரை ஒன்றாக்குங்கள்

தமிழ்நாட்டில் ஒருவருடைய விவரம் பல துண்டாகச் சிதறுவதற்குப் பெரிய காரணம் இனிஷியல். ஓரிடத்தில் 'கே. முருகன்', இன்னோரிடத்தில் 'முருகன் கே', ஆதாரில் 'முருகன் காளியப்பன்'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

1. ஆதார் அட்டையில் உள்ள பெயர், பிறந்த தேதி, ஆங்கில எழுத்துக்கூட்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.
2. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, பழைய மருத்துவமனைச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள்.
3. மாறியிருந்தால், அடுத்த முறை போகும்போது பதிவுக் கவுண்டரில் ஆதாரைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.
4. பழைய எண் இருக்கும் மருத்துவமனையில் 'புதுசா, பழசா?' என்று கேட்டால் பழைய எண்ணைக் கொடுங்கள். அவசரத்தில் 'புதுசு' என்று சொன்னால் முந்தைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் வேறு எண்ணில் தங்கிவிடும்.

குறிப்பு: எந்த மருத்துவமனையில் என்ன எண் என்பதைக் கோப்பின் முதல் அட்டையின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.

படி 2: ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள்

பிஸியான ஓபியில் மருத்துவர் முப்பது தாளைப் புரட்ட மாட்டார். ஒரு தாளைப் படிப்பார். அந்தத் தாளை நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும். வரிசை முக்கியம், உயிருக்கு ஆபத்தானது மேலே வரட்டும்.

1. பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க இரண்டு போன் எண்கள்.
2. அலர்ஜி: எந்த மருந்து, எப்போது, என்ன ஆனது. 'பென்சிலின் ஒத்துக்காது' என்று மட்டும் எழுதினால் போதாது. 'ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், 2015' என்று எழுதுங்கள். அலர்ஜி இல்லையென்றால் 'தெரிந்து எதுவும் இல்லை' என்று எழுதுங்கள். இடத்தைக் காலியாக விட்டால் கேட்க மறந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தமாகும்.
3. நோய்கள், ஆரம்பித்த ஆண்டோடு.
4. அறுவை சிகிச்சை, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த பிளேட். பேஸ்மேக்கர் அட்டையின் நகலைக் கூடவே வையுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.
5. இப்போது சாப்பிடும் மருந்துகள்.
6. கடைசிப் பரிசோதனைகளில் முக்கியமான எண்கள், தேதியோடு: சர்க்கரை மூன்று மாதச் சராசரி, கிரியேட்டினின், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம்.
7. சுருக்கத்தைக் கடைசியாகத் திருத்திய தேதி.

மருந்துப் பட்டியலில்தான் தவறு அதிகம் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின், சர்க்கரைக்கு, 2011 முதல். கம்பெனிப் பெயரை எழுதாமல், அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். அருணாசலத்தை நம்பி வெளிநாட்டிலிருந்து வந்து ரமணாசிரமப் பக்கம் அறை எடுத்துத் தனியாக வாழ்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

குறிப்பு: மருந்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். புதுச்சேரியிலோ பெங்களூரிலோ இருக்கும் மருத்துவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம்.

எச்சரிக்கை: இன்சுலின் போடுகிறவர்கள் 'எத்தனை யூனிட்' என்பதோடு, குப்பியா பேனாவா, 40ஆ 100ஆ என்பதையும் எழுத வேண்டும். இந்தியாவில் இரண்டு அடர்த்தியிலும் இன்சுலின் கிடைக்கிறது. 40க்கான சிரிஞ்சில் 100 இன்சுலினை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

சித்த மருந்து, கஷாயம், நாட்டு மருந்து, மெடிக்கலில் தானாக வாங்கிய வலி மாத்திரை எல்லாம் பட்டியலில் வர வேண்டும். 'டாக்டர் திட்டுவார்' என்று மறைப்பது பரவலான வழக்கம். சிறுநீரகம் பழுதானதற்குக் காரணம் தேடும் மருத்துவருக்கு அந்த ஒரு வரிதான் விடை கொடுக்கும்.

படி 3: கோப்பை அடுக்குங்கள்

1. இருபது, முப்பது உறைகள் உள்ள பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள். ஆளுக்கு ஒரு கோப்பு. குடும்பத்துக்கே ஒன்று என்று வைக்காதீர்கள்.
2. முதல் உறையில் ஒரு பக்கச் சுருக்கம்.
3. அடுத்து டிஸ்சார்ஜ் சம்மரிகள். புதியது மேலே.
4. அடுத்து ரத்தப் பரிசோதனைகள், தேதி வரிசையில்.
5. அடுத்து இ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன் ரிப்போர்ட். ஃபிலிமும் சி.டி.யும் தனிப் பையில்.
6. கடைசியாக ஓபி சீட்டுகளும் மருந்துச் சீட்டுகளும். மருந்துக்கடை பில் இங்கே வேண்டாம். காப்பீட்டுக்குத் தேவையென்றால் வேறு உறையில் போடுங்கள்.
7. ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள். நிழல் விழக் கூடாது, நான்கு மூலையும் தெரிய வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

எச்சரிக்கை: இ.சி.ஜி. தாள் சூட்டால் எழுத்து விழும் வகை. நாளாக ஆக மங்கும். பிளாஸ்டிக் உறையில் இன்னும் வேகமாக மங்கும். லேமினேட் செய்தால் தாள் முழுதும் கறுத்துவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, அதையும் கோப்பில் வையுங்கள். மார்பு வலியோடு வருபவரிடம் பழைய இ.சி.ஜி. இருந்தால், இன்றைய கோட்டில் எது புதிய மாற்றம் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

சதைப் பரிசோதனை செய்தவர்கள் ரிப்போர்ட்டோடு நிற்கக் கூடாது. கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். புற்றுநோய்க்கு அடையாறுக்கோ வேலூருக்கோ போகும்போது அவற்றை அங்கே மறுபடி பார்க்க விரும்புவார்கள். எழுதிக் கேட்டு வாங்கி, உடையாதபடி சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகும்.

படி 4: ஆபா எண் எடுங்கள்

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2020 ஆகஸ்ட் 15இல் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27இல் நாடு முழுதும் விரிந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 14 இலக்க ஆபா எண். உங்கள் ரிப்போர்ட் எங்கே உருவானதோ அங்கேயே இருக்கும். இன்னொரு மருத்துவமனை கேட்டு, நீங்கள் சம்மதித்தால் அங்கே போகும்.

1. ஆதாரோடு இணைத்த போன் எண் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.
2. அரசின் ஆபா செயலியிலோ இணையதளத்திலோ பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. போன் இல்லாத பெரியவர்களுக்கு மகன், மகள் எண்ணிலேயே பதியலாம். ஒரே எண்ணில் குடும்பத்தில் பலர் பதிய முடியும்.
3. அட்டையை அச்செடுத்து, கோப்பின் முதல் உறையில் வையுங்கள்.
4. மருத்துவமனைக்குப் போகும்போது பதிவுக் கவுண்டரிலேயே ஆபா எண்ணைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சேர்த்தால் அன்றைய ரிப்போர்ட் இணையாமல் போகலாம்.
5. ரிப்போர்ட் கேட்டு வரும் கோரிக்கையைச் செயலியில் திறந்து, யார் கேட்கிறார்கள், எந்த வகை ஆவணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாளைக்கு என்று நான்கையும் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். தேவைக்கு மேல் கேட்டால் குறைக்கலாம். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குள் மருத்துவர் தன் குறிப்பில் எழுதிக்கொண்டது அழியாது.

சந்தேகத்துக்கு 14477 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

குறிப்பு: ஆபா காப்பீட்டு அட்டை அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு. அதன் உதவி எண் 1800 425 3993. இரண்டையும் தனித்தனியாக வைத்திருங்கள். ஆபா எடுப்பது அவரவர் விருப்பம், அது இல்லையென்று சிகிச்சையை மறுக்க முடியாது. எல்லா மருத்துவமனையும் இதில் சேரவில்லை என்பதால் காகிதக் கோப்பைக் கைவிடாதீர்கள்.

படி 5: 'மேலே அனுப்புகிறோம்' என்று சொன்னதும்

ஜமுனாமரத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கோ, திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கோ அனுப்பும் நேரத்தில் வீட்டார் பதறிப்போவார்கள். ஒருவர் நோயாளியைப் பார்க்கட்டும். இன்னொருவர் இந்த வரிசையில் தாள்களைக் கவனிக்கட்டும்.

1. ரெஃபரல் சீட்டில் ஐந்து விஷயம் இருக்கிறதா பாருங்கள்: என்ன நோய் என்று நினைக்கிறார்கள், என்ன செய்தார்கள், எந்த மருந்தை எந்த நேரத்தில் கொடுத்தார்கள், எதற்காக அனுப்புகிறார்கள், எந்தப் பிரிவுக்கு.
2. மணி விவரத்தைக் கேட்டு எழுதுங்கள். பக்கவாதம் என்றால் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். பாம்புக் கடி என்றால் கடித்த நேரம், விஷமுறிவு மருந்து ஆரம்பித்த நேரம், எத்தனை குப்பி ஏற்றினார்கள் என்பது.
3. இ.சி.ஜி., எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். 'அப்புறம் வந்து வாங்கிக்கலாம்' என்று விட்டால் அங்கே மறுபடி எடுக்க வேண்டிவரும்.
4. போகும் இடத்துக்குப் போனில் சொல்லிவிட்டார்களா, யாரிடம் பேசினார்கள் என்று கேளுங்கள்.
5. 108 ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளரிடம் ஒரு பக்கச் சுருக்கத்தைக் காட்டுங்கள்.
6. போய்ச் சேர்ந்ததும் கோப்பை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். சுருக்கமும் ரெஃபரல் சீட்டும் மட்டும் முதலில். கேட்கக் கேட்க மற்றவை. அசல் வெளியே போனால் யாரிடம் கொடுத்தோம் என்று எழுதி வையுங்கள்.

எச்சரிக்கை: தாள் தயாராகவில்லை என்று ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்காதீர்கள். நோயாளி கிளம்பட்டும், ஒருவர் பின்தங்கி வாங்கி வரட்டும். அல்லது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 6: திரும்பி வந்ததும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு வந்த வாரத்துக்குள்:

1. பழைய மருந்துகளையும் புதிய மருந்துகளையும் மேசையில் பரப்பி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருக்கிறதா?
2. சந்தேகம் வந்ததைத் தனியே எடுத்து வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை.
3. சம்மரியின் நகல் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் எது மாறியது என்று சொல்லுங்கள்.
4. ஒரு பக்கச் சுருக்கத்தைப் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துப் போடுங்கள்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்கள்: வளைகாப்பு முடிந்து திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ அம்மா வீட்டுக்கு வரும்போது தாய் சேய் நலப் புத்தகமும் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணும் கூடவே வர வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் தேவை. கிளம்பும் ஊர் செவிலியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வந்து சேர்ந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் அந்த வாரமே காட்டுங்கள். உதவி எண் 102.

காசநோய் மருந்து சாப்பிடும் தொழிலாளர்கள்: கட்டட வேலைக்குப் பெங்களூர் போகும் முன் காசநோய்ப் பதிவு எண்ணான நிக்‌ஷய் எண்ணைக் குறித்துக்கொண்டு, சிகிச்சையைப் போகும் ஊருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த எண் நாடு முழுதும் ஒன்றே. போகும் ஊரில் மருந்தைத் தொடரலாம். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு.

கிரிவலம் வருபவர்கள்: 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமி இரவில், தீபத் திருநாளில், கூட்டத்துக்கு நடுவே மயங்கி விழுந்தவரை யாரென்று தெரியாமல்தான் தூக்கிப் போவார்கள். கூட வந்தவர் பிரிந்திருப்பார், போன் பூட்டியிருக்கும்.

1. சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ ஒரு சீட்டு: பெயர், ஊர், இரண்டு போன் எண்கள், நோய், மருந்து, அலர்ஜி.
2. போனில் 'அவசரத் தகவல்' பகுதியை நிரப்புங்கள். பூட்டைத் திறக்காமலே அதைப் பார்க்க முடியும்.
3. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் விரதத்தோடு நடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். விரதம் பற்றி முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். துணைக்கு வருபவருக்கும் சொல்லி வையுங்கள்.
4. பாதையோரம் வாழும் சாதுக்களுக்கு உணவளிக்கும் அன்பர்கள், அவர்களில் நோயாளி யாரென்று அறிந்தால், அவர் சம்மதத்தோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அதுவும் தொண்டுதான்.

யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது

- ஓ.டி.பி.யை யாரிடமும் போனில் சொல்லாதீர்கள். மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம் என்றாலும் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.
- ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தேவைப்பட்டவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.
- ஜெராக்ஸ் கடையிலோ நெட் சென்டரிலோ அச்செடுத்தால், அந்த கம்ப்யூட்டரில் இருக்கும் நகலை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.
- ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மனநலச் சிகிச்சை விவரத்துக்கும் அதே ஆண்டின் மனநலச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இவற்றைச் சட்டைப் பைச் சீட்டில் எழுத வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரிடம் மட்டும் நேரில் சொல்லுங்கள்.

கேட்டும் தராவிட்டால்

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

1. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தில் விண்ணப்பியுங்கள்: பெயர், நோயாளி எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, எந்தெந்த ஆவணம்.
2. நோயாளியின் கையெழுத்து, அடையாள அட்டை நகல் இணைத்து, ஒப்புகை வாங்குங்கள்.
3. 72 மணி நேரம் கடந்தால் கண்காணிப்பாளரிடமோ நிர்வாகியிடமோ ஒப்புகையைக் காட்டுங்கள்.
4. அப்படியும் நடக்காவிட்டால் தனியார் மருத்துவமனை மீது மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்குப் புகார். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு.

சண்டை போட்டுக் கேட்பதைவிட, தேதி போட்டு எழுதிக் கேட்பது வேலை செய்யும்.

இன்றே தொடங்க

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. வீட்டில் வயதானவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து, மருந்தின் பெயர்களைப் பார்த்து எழுதி, ஒரு பக்கச் சுருக்கத்தை இன்று முடியுங்கள். கோப்பு இந்த வாரத்தில். ஆபா எண் அடுத்த பௌர்ணமிக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று முழுசாகப் பேசத் தொடங்கும் நாளிலும், இந்த ஒரு தாள் வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.